தட்டில் நாற்று, தண்ணீரில் சுண்ணாம்பு

ஆடிப் பட்டத்துக்கு நாற்று விடும் வேலை தொடங்கிவிட்டதால், இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நாற்றங்காலைப் பற்றியவை. அவற்றுள் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த எட்டுக் கடிதங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக, மண்கலவையின் அமிலநிலையையே கேட்டிருந்தன. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இந்த எட்டுக்கும் இங்கே பதில் எழுதுகிறேன். முதற்கடிதத்துக்கான பதில் நீளமானது; பின்னால் வரும் பதில்கள் அதை நம்பியே எழுதப்பட்டிருப்பதால், அதை முதலில் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (பள்ளத்தூர் வாசகி): தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்து, 98 குழிகள் கொண்ட தட்டுகளில் மிளகாய், தக்காளி, கத்தரி விதைத்தேன். இரண்டு வாரம் வரை நாற்றுகள் செழிப்பாக இருந்தன. அதன் பிறகு மிளகாயின் குருத்திலைகள் வெளிறி மஞ்சளாகின்றன. நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்கின்றன. சத்துக் குறைவு என்று எண்ணி யூரியாவைக் கரைத்து ஊற்றினேன். நிலைமை இன்னும் மோசமானது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். கலவையைத் தவறாகக் கலந்துவிட்டேனா?

பதில்: கலவையில் தவறு இருப்பதாகத் தெரியவில்லை. இரண்டு வாரம் செழிப்பாக இருந்த நாற்று அதன் பிறகு வெளிறுகிறது என்றால், அந்த இரண்டு வாரத்தில் கலவைக்குள் புதிதாகச் சென்றது எது என்று பார்க்க வேண்டும். சென்றது தண்ணீர் மட்டுமே.

அறிகுறியிலிருந்து தொடங்குவோம். யூரியா தருகிற தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தால் முதலில் அடியிலைகள், நரம்போடு சேர்ந்து, முழுமையாக மஞ்சளாகும்; ஏனென்றால் செடி அந்தச் சத்தைப் பழைய இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்கு அனுப்பிவிடும். இரும்புச் சத்தை அப்படி இடம் மாற்றச் செடியால் முடியாது. ஆகவே இரும்பு கிடைக்காதபோது குருத்திலைதான் முதலில் வெளிறும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். நீங்கள் எழுதியிருப்பது இந்த இரண்டாவது அறிகுறி. இதற்காகக் கலவையில் இரும்பே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். இரும்பு இருக்கிறது, ஆனால் வேர் உறிஞ்ச முடியாத வடிவத்தில் இறுகிக் கிடக்கிறது.

அதை இறுக்குவது கலவையின் கார நிலை. அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் பி.எச். என்ற அளவை 1909-ஆம் ஆண்டு கோபன்ஹேகனில், ஒரு மதுவடி ஆலையின் ஆய்வகத்தில் பணியாற்றிய சோரன்சன் என்ற வேதியியலாளர் வகுத்தார். 7 என்பது நடுநிலை; அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இந்த அளவில் ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கைக் குறிக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 6 உள்ள கலவை, 7 உள்ளதைவிடப் பத்து மடங்கு அமிலமானது. இரும்பின் நிலையோ இன்னும் கடுமை: பி.எச். ஓர் எண் ஏறும்போது, கரைந்து நிற்கும் இரும்பு அயனியின் அளவு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். நார்க்கழிவை அடிப்படையாகக் கொண்ட கலவைக்கு 5.5 முதல் 6.2 வரையிலும், மண் கலந்த கலவைக்கு 6.0 முதல் 6.8 வரையிலும் இருந்தால் நாற்றுக்கு எல்லாச் சத்தும் கிடைக்கும். உங்கள் தட்டு இப்போது 7-ஐத் தாண்டியிருக்கும் என்று கருதுகிறேன்.

அதை ஏற்றிய தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் பைகார்பனேட் என்ற காரப்பொருள் கரைந்திருக்கும். காய்ச்சும் பாத்திரத்தின் அடியிலும், குழாயின் வாயிலும், குளியலறைத் தரையிலும் வெள்ளையாகப் படிவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். ஆய்வக அறிக்கையில் இதை மொத்தக் காரத்தன்மை என்று, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம் என எழுதுவார்கள். தண்ணீரின் பி.எச். வேறு, காரத்தன்மை வேறு என்பதைத் தயவுசெய்து மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பி.எச். 8 காட்டும் தண்ணீரில் காரத்தன்மை குறைவாக இருந்தால் அது கலவையை அசைக்காது, பி.எச். 7.4 மட்டுமே காட்டும் தண்ணீரில் காரத்தன்மை 300 இருந்தால் அது நாள்தோறும் கலவையைக் காரமாக்கிக்கொண்டே இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காரத்தன்மை 300 உள்ள ஒரு லிட்டர் தண்ணீர், 0.3 கிராம் சுண்ணாம்புக்கல் பொடிக்குச் சமமான காரத்தைச் சுமந்து வருகிறது. ஒரு தட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டர் வீதம் 25 நாள் ஊற்றினால், 7.5 கிராம் சுண்ணாம்புக்கல் பொடியை அந்தத் தட்டில் தூவியதற்கு ஒப்பாகும். 98 குழித் தட்டில் உள்ள கலவை மொத்தமாக மூன்று லிட்டர்தான் இருக்கும். தண்ணீரில் ஒரு பகுதி அடியில் வடிந்துவிடும் என்றாலும், தோட்டத்து மண்ணில் ஒருவருக்கும் தெரியாமல் மறைந்துபோகும் இந்தச் சிறிய அளவு, குழிக்கு 30 மில்லிகூட இல்லாத கலவையைப் புரட்டிப்போடப் போதுமானது. மிளகாய் மற்றவற்றைவிட அதிக நாள் தட்டில் நிற்கிறது. ஏறத்தாழ 35 முதல் 40 நாள் வரை அங்கேயே இருப்பதால் அதற்குத்தான் பாதிப்பு அதிகம் தெரியும். ஒரே தட்டில் தக்காளி பச்சையாக இருக்க மிளகாய் வெளிறுவதைக் கண்டு விதை மேல் பழி போடுவோர் உண்டு. அது விதையின் குற்றமன்று.

எனவே முதல் வேலை, தண்ணீரின் காரத்தன்மையை அறிவது. குன்றக்குடியிலும் வம்பனிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. எங்கே, எப்படித் தண்ணீர் மாதிரி கொடுப்பது என்று அவர்களிடம் கேட்கலாம். அதுவரை பொறுக்க முடியாதவர்கள், வண்ண மீன் கடையில் விற்கும் கார்பனேட் கடினத்தன்மைச் சொட்டுப் பரிசோதனையைப் பயன்படுத்தலாம். அது காட்டும் ஒவ்வொரு டிகிரியையும் 18-ஆல் பெருக்கினால் காரத்தன்மை ஏறத்தாழக் கிடைத்துவிடும். குழித்தட்டுக்கு 60 முதல் 100 வரை இருப்பது நல்லது. 150-ஐத் தாண்டினால் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும்.

அந்த நடவடிக்கைகளில் நான் முதலிடம் தருவது மழைநீருக்கு. மழைநீரில் காரத்தன்மை அநேகமாக இல்லை. பத்துத் தட்டுகளுக்கு 25 நாள் ஊற்ற 250 லிட்டர் போதும். 10 சதுர மீட்டர் ஓட்டுக்கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் அவ்வளவும் கிடைத்துவிடும். 2003-இல் தமிழகமெங்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்படுவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே, வளவின் (வீட்டின் நடுமுற்றத்தின்) நான்கு பக்கத்துத் தாழ்வாரத்திலிருந்தும் விழும் தண்ணீரை அண்டாக்களில் பிடித்துவைத்த வீடுகள் நம்முடையவை. அந்தப் பழக்கத்தை நாற்றுக்காகவேனும் மீட்டெடுக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள். புதிதாகக் கட்டிய சிமென்ட் தொட்டியில் மட்டும் தேக்காதீர்கள். சிமென்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து, தண்ணீர் மறுபடியும் காரமாகிவிடும். மழைநீர் போதவில்லை என்றால் கிணற்று நீரோடு பாதிக்குப் பாதி கலந்தால், 300 என்பது 150 ஆகிவிடும். வீட்டுச் சுத்திகரிப்புக் கருவியிலிருந்து வடிகிற கழிவு நீரை வீணாக்கக் கூடாது என்று நாற்றுக்கு ஊற்றுவோர் இருக்கிறார்கள். அதில் உப்பும் காரமும் கிணற்று நீரைவிடச் செறிந்திருக்கும். அதைப் பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வெளிறி நிற்கும் நாற்றுக்கு, ஒரு லிட்டர் மழைநீரில் முதலில் ஒரு கிராம் சிட்ரிக் அமிலத்தையும், அது கரைந்த பின் இரண்டு கிராம் அன்னபேதி உப்பையும் (இரும்பு சல்பேட்) கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலைகளில் தெளியுங்கள். கரைசல் தெளிவாகவோ மங்கிய பச்சையாகவோ இருக்க வேண்டும். துருநிறம் ஏறிவிட்டால் அதில் பயனில்லை, கொட்டிவிடலாம். வளர்ந்த பயிருக்குச் சொல்லப்படும் லிட்டருக்கு ஐந்து கிராம் என்ற அளவு நாற்றின் இளம் இலையைக் கருக்கிவிடக்கூடும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை தெளிக்கலாம். வெளிறிய இலை முழுவதும் பச்சையாகாமல் போகலாம். அதன் பின் வரும் குருத்தின் நிறத்தைப் பார்த்துத்தான் பயன் தெரிந்ததா என்று முடிவு செய்ய வேண்டும்.

யூரியா ஏன் நிலைமையை மோசமாக்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். யூரியா சிதையும்போது முதலில் சுற்றுப்புறத்தைக் காரமாக்குகிறது. ஏற்கெனவே காரமாக இருக்கும் கலவையில் அது அம்மோனியா வாயுவாக மாறி இளம் வேர்களைச் சுடுகிறது. நோய் ஒன்றாக இருக்க மருந்து வேறாகிவிட்டது.

கேள்வி (திருப்பத்தூர் வாசகர்): பி.எச். அளப்பதற்கு இணையக் கடையில் இரண்டு கம்பிகள் கொண்ட ஒரு கருவி வாங்கினேன். எந்தத் தொட்டியில் செருகினாலும் 7 என்றே காட்டுகிறது. வீட்டிலேயே சரியாக அளப்பது எப்படி?

பதில்: அந்தக் கம்பிக் கருவியை ஒதுக்கி வைத்துவிடுங்கள். காற்றிடைவெளி மிகுந்த நார்க்கழிவுக் கலவையில் கம்பிக்கும் கலவைக்கும் தொடர்பே சரியாக ஏற்படுவதில்லை. அது காட்டும் எண்ணை நம்பிச் சுண்ணாம்போ அமிலமோ சேர்ப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு உப்புப் போடுவது போன்றது.

ஒரு குவளை கலவைக்கு இரண்டு குவளை மழைநீரோ, மின்கலத்துக்கு ஊற்றும் வடிநீரோ சேர்த்துக் கலக்கி, அரைமணி நேரம் வைத்திருங்கள். பின்னர் தெளிந்த நீரில் பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள். தாளில் 1 முதல் 14 வரை காட்டும் வகையைவிட, 5 முதல் 8 வரைக்குள் சிறு சிறு இடைவெளியில் காட்டும் வகையே நமக்கு உதவும். கிணற்று நீரில் கலக்கி அளந்தால் தண்ணீரின் காரத்தையே அளந்துகொண்டிருப்பீர்கள். பேனா வடிவக் கருவி வாங்கினால், 4-க்கும் 7-க்கும் உரிய தரக் கரைசல்களில் அதை ஒவ்வொரு முறையும் சரிபார்த்துக்கொள்வதும், முனையை அதற்குரிய சேமிப்புக் கரைசலில் ஈரமாகவே வைத்திருப்பதும் கட்டாயம்; முனை காய்ந்துபோன கருவி பழுதானதற்குச் சமம். விதைக்கும் முன் ஒரு முறை, அதன் பின் பத்து நாளுக்கு ஒரு முறை என்று அளந்து ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். ஒற்றை அளவைவிட, அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதே அதிகம் சொல்லும்.

கேள்வி (தேவகோட்டை வாசகர்): வெளிநாட்டு நாற்றுப்பண்ணைக் காணொளி ஒன்றில், ஒரு லிட்டர் பீட்டுக்கு ஐந்து கிராம் டோலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் பொடி) சேர்க்கச் சொன்னார்கள். அதையே கோகோபீட்டில் செய்தேன். இப்போது கத்தரி, தக்காளி இரண்டுமே வெளிறுகின்றன. பீட் என்றாலும் கோகோபீட் என்றாலும் ஒன்றுதானே?

பதில்: பெயரால் வந்த குழப்பம் இது; இதில் சிக்கிய பலரை அறிவேன், தொடக்கத்தில் நானும் சிக்கியிருக்கிறேன். பீட் என்பது குளிர்நாட்டுச் சதுப்பில் பாசி நூற்றாண்டுக்கணக்கில் மட்கி உண்டானது; அதன் பி.எச். 3.5 முதல் 4.5 வரை இருக்கும். அந்தக் கடும் அமிலத்தைத் தணிக்க லிட்டருக்கு மூன்று முதல் ஆறு கிராம் வரை சுண்ணாம்புக்கல் பொடி வேண்டும். கோகோபீட் என்பது நம்முடைய தேங்காய் நார்க்கழிவு; அது பெரும்பாலும் 5.5-க்கும் 6.5-க்கும் இடையில், அதாவது ஏறத்தாழ நாற்றுக்கு வேண்டிய இடத்திலேயே இருக்கிறது. அதற்கு ஐந்து கிராம் சேர்ப்பது, நலமாக இருப்பவருக்குக் காய்ச்சல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

பழைய ஆங்கிலேய முறையும்கூட இதற்குச் சான்று. 1930-களில் ஜான் இன்னெஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் லாரன்ஸ், நியூவெல் என்ற இருவரும் வகுத்த விதைக் கலவையில் இரண்டு பங்கு மண், ஒரு பங்கு பீட், ஒரு பங்கு மணல். அதற்குச் சேர்த்த சுண்ணப்பொடி லிட்டருக்கு ஏறத்தாழ 0.6 கிராம் மட்டுமே. பீட்டின் பங்கு குறைந்ததும் சுண்ணாம்பின் பங்கும் தானே குறைந்துவிடுகிறது. செய்முறையை எடுத்துக்கொள்ளும்போது, அது எந்தப் பொருளுக்காக எழுதப்பட்டது என்பதையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நார்க்கழிவில் கவலைப்பட வேண்டியது உப்பைப் பற்றி. கழுவாத கட்டிகளில் சோடியமும் பொட்டாசியமும் மிகுந்திருக்கும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, மூன்று நான்கு முறை பிழிந்து கழுவிய பிறகே பயன்படுத்துங்கள். மழைநீரையே ஊற்றுவது என்று முடிவெடுத்தவர்கள் மட்டும், கால்சியமும் மக்னீசியமும் கிடைப்பதற்காக, லிட்டருக்கு ஒரு கிராம் டோலமைட்டை விதைப்பதற்கு ஒரு வாரம் முன்பே ஈரக் கலவையில் சேர்த்து வைக்கலாம். கிணற்று நீர் ஊற்றுவோருக்கு அதுவும் தேவையில்லை.

நீங்கள் ஏற்கெனவே கலந்துவிட்ட கலவையைக் குப்பையில் கொட்ட வேண்டாம். சுண்ணாம்பு சேராத புதிய நார்க்கழிவு நான்கு பங்கோடு அதை ஒரு பங்காகக் கலந்தால் லிட்டருக்கு ஒரு கிராம் என்ற அளவுக்கு இறங்கிவிடும்.

கேள்வி (காரைக்குடி வாசகி): எங்கள் அப்பத்தா காலத்து வீட்டில் இரண்டாம் கட்டைப் பழுதுபார்த்தோம். தோட்டத்து மண்ணை எடுத்துச் சலித்து, எருவோடு கலந்து எலுமிச்சையும் கறிவேப்பிலையும் நாற்று விட்டேன். முளைத்த எல்லாம் எலுமிச்சைப்பழ நிறத்தில் நிற்கின்றன. செட்டிநாட்டுச் செம்மண் அமில மண் என்றுதானே சொல்வார்கள்? இது எப்படிக் காரமாகும்?

பதில்: உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. இரண்டாம் கட்டைப் பழுதுபார்த்தபோது இடித்த காரை எங்கே கொட்டப்பட்டது? தோட்டத்தில்தான் என்றால், நீங்கள் சலித்தெடுத்தது செம்மண்ணை மட்டுமன்று. நம் பகுதி வீடுகளின் சுவருக்குக் கண்ணாடி போன்ற வழவழப்பைத் தந்த பூச்சு, கிளிஞ்சல் சுண்ணாம்பை நாள்கணக்கில் புளிக்கவைத்து, அரைத்து, முட்டை வெண்கருவோடு சேர்த்துச் செய்தது. காற்றுப் பட்டு இறுகிய பின் அது முழுவதும் கால்சியம் கார்பனேட். ஒரு நூற்றாண்டு சுவரைக் காத்த அந்தச் சுண்ணாம்பு, பொடிந்து மண்ணில் விழுந்ததும் அந்த மண்ணைக் காரமாக்குகிறது. இப்போது பழுதுபார்த்த காரை மட்டுமன்று. பழைய வீடுகளின் பின்கட்டு மண்ணில் பல தலைமுறைக் காரை கலந்திருக்கும்.

ஐயமிருந்தால் ஒரு கைப்பிடி மண்ணைக் காயவைத்து, அதன் மேல் சமையலறை வினிகரைச் சில சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அதில் சுண்ணாம்பு தனித்துக் கிடக்கிறது என்று பொருள்.

அப்படிப் பொங்கும் மண்ணைத் திருத்த முயல வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நூறு கிராம் சுண்ணாம்பைத் தீர்க்க 32 கிராம் கந்தகம் வேண்டும். பத்துக் கிலோ மண்ணில் நூற்றுக்கு ஐந்து பங்கு காரை இருந்தால் அது 500 கிராம். அதற்கு 160 கிராம் கந்தகம். அவ்வளவு கந்தகத்தை ஒரு தொட்டி மண்ணில் போட்டு, அது வேலை செய்து முடிக்கும் வரை பல மாதம் காத்திருந்து, கடைசியில் எஞ்சும் ஜிப்சத்தில் நாற்று விடுவதைவிட, வீட்டிலிருந்து தள்ளியுள்ள கொல்லையிலோ வயல் வரப்பிலோ இரண்டு கூடை செம்மண் எடுத்துவருவது எளிது. அந்தப் பழைய மண்ணும் வீணாகப் போவதில்லை. முருங்கையும் அத்தியும் சுண்ணாம்பைப் பொறுத்துக்கொள்ளும், அவற்றின் குழியில் போட்டுவிடுங்கள். இப்போதுள்ள எலுமிச்சை நாற்றுகளை வேர் அறாமல் எடுத்து, மண்ணை மழைநீரில் அலசிவிட்டுப் புதுக் கலவைக்கு மாற்றினால் பெரும்பாலானவை தேறிவிடும். கறிவேப்பிலை ஆணிவேர் உடைவதைப் பொறுக்காது. அதற்குப் புதிதாக விதை போடுவதே நல்லது.

கேள்வி (திருமயம் வாசகர்): நான் வெறும் செம்மண்ணில்தான் தக்காளி நாற்று விடுகிறேன். மண்ணைப் பரிசோதித்ததில் பி.எச். 5.3 என்று வந்தது. நாற்றுகள் வளராமல் நின்று, இலையின் அடிப்பக்கம் ஊதா நிறமாகிறது. அடுப்புச் சாம்பல் போடலாமா?

பதில்: ஊதா நிறம் பெரும்பாலும் மணிச்சத்தின் (பாஸ்பரஸ்) குறைவைக் காட்டுவது. சரளை கலந்த செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் மிகுதி. மண் அமிலமாக இருக்கும்போது அவை மணிச்சத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு வேருக்குத் தர மறுக்கின்றன. முதற்கேள்வியில் காரம் இரும்பை மறைத்தது. இங்கே இரும்பு மணிச்சத்தை மறைக்கிறது.

உங்கள் மண்ணுக்குச் சுண்ணாம்பு வேண்டும் என்பது உண்மை. சாம்பல் அந்த வேலையை விரைவாகச் செய்யும். ஆனால் விறகுக்கு விறகு அதன் வலிமை மாறும், அதில் உப்பும் அதிகம் என்பதால் முளைக்கும் விதைக்கு ஆபத்து. சலித்த சாம்பலை ஒரு லிட்டர் மண்ணுக்கு இரண்டு கிராமுக்கு மேல் போகாமல், விதைப்பதற்குப் பத்து நாள் முன்பே கலந்து, நனைத்து வையுங்கள். டோலமைட் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு ஒரு கிராம் போதும். வெற்றிலைச் சுண்ணாம்பு கைவசம் இருக்கிறதே என்று எண்ண வேண்டாம். நீற்றிய சுண்ணாம்பு உலர்ந்த நிலையில் சுண்ணாம்புக்கல் பொடியைவிட 1.35 மடங்கு வலிமையானது, உடனே வேலை செய்வது. சிறிது கூடினாலும் அளவு எகிறிவிடும்.

இவற்றையெல்லாம்விட, செம்மண்ணோடு சம பங்கு மட்கிய எருவைக் கலப்பதே எனக்கு உகந்த வழி. நன்கு மட்கிய எரு நடுநிலைக்கு அருகில் இருப்பதால் மண்ணின் அமிலத்தைத் தானே தணிக்கும். இரும்பின் பிடியையும் தளர்த்தும். வெறும் செம்மண் காய்ந்து ஓடு போல இறுகுவதையும் தடுக்கும். உங்கள் கிணற்று நீர் காரமானது என்றால் சாம்பலும் வேண்டாம், டோலமைட்டும் வேண்டாம். தண்ணீரே அந்த வேலையைச் செய்துவிடும். எதைச் சேர்த்தாலும், கலவை 6.0-ஐத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி (கொத்தமங்கலம் வாசகி): காரக் கலவையைத் தணிக்கப் புளித்த மோர், புளிக்கரைசல், தேயிலைத் தூள், படிகாரம், கந்தகம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது சரி?

பதில்: மோரிலும் புளியிலும் எலுமிச்சையிலும் உள்ள அமிலங்களை மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் தின்றுவிடும், தின்று முடித்ததும் காரம் திரும்பிவிடும். சிட்ரிக் அமிலத்துக்கும் இது பொருந்தும். ஆகவே தண்ணீரின் காரத்தைத் தற்காலிகமாகத் தணிக்க அதைப் பயன்படுத்தலாமே தவிர, கலவைக்கு நிரந்தரத் தீர்வாக எண்ணக் கூடாது. காரத்தன்மை 300 உள்ள பத்து லிட்டர் நீருக்கு ஏறத்தாழ மூன்று கிராம் சிட்ரிக் அமிலம் போதும். கலந்த பின் பி.எச். தாளில் 6-க்கு அருகில் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு ஊற்றுங்கள். மோரில் எண்ணெய்ப்பசையும் புரதமும் இருப்பதால் குழித்தட்டில் பூஞ்சைதான் வளரும்.

பயன்படுத்திய தேயிலைத் தூளும், எந்த மரத்து இலையானாலும் நன்கு மட்கிய இலைமட்கும், நடுநிலைக்கு அருகில் வந்துவிடுவதால் அமிலமாக்கும் பொருளாக அவற்றை எண்ண வேண்டாம். படிகாரம் விரைவாக அமிலமாக்கும், ஆனால் அதிலுள்ள அலுமினியம் இளம் வேரின் நுனியைக் கெடுக்கும். அதை நாற்றுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

கந்தகம் உண்மையான மருந்து, ஆனால் மெதுவானது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றினால்தான் பயன். அதற்கு ஈரமும் வெப்பமும் ஆறு முதல் எட்டு வாரமும் வேண்டும். 25 நாளில் பிடுங்கி நடப்போகும் நாற்றுக்கு இன்று போடும் கந்தகம் எந்த நன்மையும் செய்யாது. சித்திரையில் கலந்து நிழலில் ஈரமாக வைத்தால் ஆடியில் பயன்படும்.

கேள்வி (புதுவயல் வாசகர்): கத்தரி நாற்றுகள் பச்சையாக இருக்கும்போதே தண்டின் அடி நனைந்தாற்போல் சுருங்கிச் சாய்கின்றன. கலவை அமிலமாகிவிட்டதா?

பதில்: இல்லை. இது நாற்றழுகல் நோய். பித்தியம் போன்ற பூசண வகைகளால் வருவது. நெருக்கமான விதைப்பு, மாலை நேரத்தில் மிகுதியாகத் தண்ணீர் விடுவது, பழைய தட்டுகளைக் கழுவாமல் பயன்படுத்துவது ஆகியவையே காரணம். ஊரணித் தண்ணீர் மழையால் நிரம்புவது என்பதால் காரத்தன்மை குறைவாக இருக்கும் என்று கருதி அதை எடுத்து ஊற்றுவோருக்கும் இந்தத் துன்பம் நேர்வதுண்டு; தேங்கிய நீரில் அந்தப் பூசணம் இருக்கக்கூடும். காலையில் மட்டும், அளவாக ஊற்றுங்கள். சாய்ந்த குழிகளை அப்படியே எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி (கண்டனூர் வாசகர்): தண்ணீரின் காரத்தைப் பற்றி முன்பே கேள்விப்பட்டிருந்ததால், செண்டுமல்லி நாற்றுக்கு நாள்தோறும் அமிலம் கலந்த தண்ணீரையே ஊற்றிவந்தேன். அதோடு அம்மோனியம் சல்பேட்டும் கொடுத்தேன். இப்போது முதிர்ந்த இலைகளில் வெண்கல நிறப் புள்ளிகள் தோன்றி விளிம்பு கருகுகிறது. கலவையின் பி.எச். 4.9. இனி என்ன செய்வது?

பதில்: அளந்து எழுதியதற்கு முதலில் நன்றி, எண்ணோடு வரும் கேள்விக்குப் பதில் சொல்வது எளிது. செண்டுமல்லி இரும்பை ஆவலோடு உறிஞ்சும் இயல்புடைய செடி. அமிலம் மிகும்போது இரும்பும் மாங்கனீசும் தாராளமாகக் கரைந்து, அது அளவுக்கு மேல் எடுத்துக்கொண்டு நஞ்சேறி நிற்கிறது. முதிர்ந்த இலையில் வெண்கலப் புள்ளி என்பது அந்த அறிகுறிதான். அம்மோனியம் சல்பேட் தன் பங்குக்கு அமிலத்தைக் கூட்டுவது; நூறு கிலோ அம்மோனியம் சல்பேட் உண்டாக்கும் அமிலத்தைத் தீர்க்க 110 கிலோ சுண்ணாம்புக்கல் பொடி வேண்டும் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு. தண்ணீரிலும் அமிலம், உரத்திலும் அமிலம் என்று இரண்டு பக்கமும் ஒரே திசையில் தள்ளியிருக்கிறீர்கள்.

அம்மோனியம் சல்பேட்டை இன்றே நிறுத்துங்கள். தழைச்சத்து தேவைப்பட்டால் கால்சியம் நைட்ரேட்டை லிட்டருக்கு ஒரு கிராம் கொடுக்கலாம். அது கலவையை மெல்லக் கார நிலைக்குத் திருப்பும். சுண்ணாம்புத் தெளிநீர் ஊற்றும் முறையும் உண்டு, ஆனால் அம்மோனியம் தேங்கியிருக்கும் கலவையில் அதை ஊற்றினால் அம்மோனியா கிளம்பி வேரைச் சுடும் என்பதால் உங்களுக்கு அதைச் சொல்லமாட்டேன். அதைவிட எளிய வழி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அமிலம் எதுவும் சேர்க்காத கிணற்று நீரையே ஒரு வாரம் காலைதோறும், தட்டின் அடியில் வடியும் அளவுக்கு ஊற்றுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் அதே பைகார்பனேட் இப்போது மருந்தாகி, கலவையை மெதுவாக ஏற்றிவிடும். மூன்று நாளுக்கு ஒரு முறை அளந்து, 5.8 வந்ததும் மழைநீரையும் கிணற்று நீரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றத் தொடங்குங்கள். செண்டுமல்லிக்கு 6.0-க்கும் 6.5-க்கும் இடையில் நின்றால் நல்லது. புள்ளி விழுந்த இலைகள் உதிரும். குருத்து நன்றாக இருந்தால் நாற்றைப் பிடுங்கி நட்டுவிடலாம்.